உதட்டுக்குள் இருந்த கருப்பு

நிவேதா, சரவணா,

உங்கள் இருவரிடமும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பல்லுல சீழ் கட்டியிருக்கு, சின்ன ஆபரேசன்தான், பத்து நாள்ல வந்துருவேன்" என்று சொல்லி உங்களை ஆவூரில் அத்தை வீட்டில் விட்டேன். திரும்பி வர நாலு மாதத்துக்கு மேல் ஆனது. வந்தபோது என் முகமும் வேறு, பேச்சும் வேறு. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. என் முன்கையில் தோல் எடுத்த இடத்தை நிவேதா தடவிப் பார்த்தாள். நான் பேசுவது புரியாத இடத்திலெல்லாம் சரவணன் புரிந்த மாதிரி தலையாட்டினான். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் நிவேதா திருத்திக்கொள்.

இப்போது எழுதக் காரணம் சரவணன்தான். போன மாதம் நம் வீட்டு வாசலில் உன் கூட்டாளிகள் நின்றுகொண்டு, "டேய், நாளைக்கு மழை பெய்யும், லீவு விடுவாங்கன்னு சொல்லுடா. ஒங்கப்பாவுக்கு இருந்த அதே கருநாக்குதானடா ஒனக்கும்" என்றார்கள். நீயும் நாக்கை நீட்டிப் புள்ளிகளைக் காட்டிவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி, "பெய்யும்" என்றாய். மறுநாள் நல்ல வெயில். "கிரகணம்டா, அதான் பலிக்கல" என்று சொல்லித் தப்பித்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்ப் படுத்தபிறகு தூக்கம் வரவில்லை.

நாக்கில் கரும்புள்ளி உள்ளவர் சொன்னது பலிக்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. எனக்கு நாக்கில் இல்லை, மேல் உதட்டின் உள்பக்கம் இருந்தது. அதை முதலில் பார்த்தவர் அன்னவாசல் பக்கத்து விவசாயி ஒருவர். அவருடைய தோட்டத்தில் போர் போட வண்டி வந்து நின்றது. பிறகு மோட்டார் இறக்க வேண்டியவன் என்பதால் நானும் போயிருந்தேன். எதற்கோ வாய்விட்டுச் சிரித்தேன்.

"மெக்கானிக்கண்ணே, ஒங்களுக்குக் கருநாக்கு போலருக்கே!"

"நாக்குல இல்லப்பா, இது உதடு."

"வாய்க்குள்ளதானண்ணே இருக்கு. எல்லாம் ஒண்ணுதான். தண்ணி வரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொன்னேன். தண்ணீர் வந்தது. அவ்வளவுதான்.

குடுமியான்மலையைச் சுற்றி நிலத்துக்கடியில் பாறை. போர் போடுகிறவன் பயந்துபோய் நிற்பான். தேங்காய் உருட்டிப் பார்ப்பான், எலுமிச்சம்பழம் சுற்றுவான். அந்த வரிசையில் என் உதடும் சேர்ந்துவிட்டது. வண்டி வருவதற்கு முன்பே எனக்குப் போன் வரும். போய்க் கட்டை விரலால் உதட்டைத் தூக்கிக் காட்டுவேன், வார்த்தையைச் சொல்லுவேன். தண்ணீர் வந்தால் மோட்டார் வேலை எனக்குத்தான். வராவிட்டால், "அன்னைக்கு அண்ணன் வெத்தலை போட்டுருந்தாரு, அதான் பலிக்கல" என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். நான் வெற்றிலை போடுகிறவனே இல்லை. ஆனாலும் அதை மறுத்ததில்லை. அது என் தப்பு.

எள்ளு மாதிரி இருந்தது உளுந்து அளவு ஆனது. பிறகு மை கொட்டின மாதிரி ஈறு பக்கம் பரவியது. விவசாயிகளுக்குச் சந்தோஷம். "பெருசாகுதுண்ணே, சக்தி ஏறுது" என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். புகையிலை, பாக்கு, பீடி எதுவும் இல்லாதவனுக்கு வாயில் என்ன வந்துவிடப்போகிறது என்ற தைரியமும் இருந்தது.

உங்கள் அம்மா மூன்று தடவை சொன்னாள். இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தடவை சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிட்டு வாங்களேன்" என்றாள். எனக்கு ஒண்ணும் ஆகாது என்றேன். இரண்டாவது தடவை தலையணை உறையில் ரத்தக் கறையைப் பார்த்துச் சொன்னாள். அதே பதில். மூன்றாவது தடவை அழுதாள். "சோறு போடுற மச்சம் செல்வி இது. அதுல போயி கண்ணு வைக்காத" என்று கத்தினேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முன்பல் ஆட ஆரம்பித்தபிறகுதான் புதுக்கோட்டையில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். சிரித்த முகமாக உதட்டைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எத்தன நாளா இருக்கு?"

"அது வந்தும்மா, கருநாக்கு மாதிரி. ராசியான மச்சம்."

"பல்லை நான் எடுக்க மாட்டேங்கய்யா. ஒரு லெட்டர் தாரேன். இன்னைக்கே போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

அப்போதும் எனக்கு அந்தம்மா மேல் கோபம்தான் வந்தது. ஒரு பல்லைப் பிடுங்கத் தெரியாதா என்று.

லெட்டரை எடுத்துக்கொண்டு திருச்சியில் புற்றுநோய் பார்க்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூடத்தில் இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று சேர்த்து அடிக்கப்பட்டிருக்கும். ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். டோக்கன் நம்பர் கூப்பிடும்வரை எழுந்திருக்கவும் முடியாது, கடைசிவரை உட்காரவும் முடியாது. வாய்ப் பக்கம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் துண்டால் முகத்தை மூடியிருப்பார்கள். பக்கத்தில் உட்காருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க என்ன போடுவீங்க?" ஒண்ணும் போட மாட்டேன் என்றால் நம்ப மாட்டார்கள். "இங்க வந்தும் மறைச்சா எப்புடிண்ணே?" என்பார்கள்.

ஈறிலிருந்து மிளகளவு சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதை பயாப்சி என்பார்கள். ஒரு வாரத்தில் முடிவு என்றார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால், செல் எந்த வகை என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை, வேறு சாயங்கள் போட்டுப் பார்க்க வேண்டும், இன்னும் பத்து நாள் என்றார்கள். ஊருக்கு வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு அறை எடுத்து அங்கேயே கிடந்தோம்.

அந்தப் பத்து நாளில்தான் ராக்கம்மா பழக்கமானார். கட்டுமாவடிக்காரர், மீன் விற்கிறவர். அவருடைய புருஷன் காளிமுத்துவுக்கு நாக்கில் புண். அவரும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார். பெண்கள் இருவரும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பேசியதில், உங்கள் அம்மா வாய் தவறி என் கருப்பைப் பற்றிச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை ராக்கம்மா என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ஒங்க வாயால ஒரு வார்த்தை. எங்க ஆளுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லுங்கண்ணே."

"நானே இங்கதான தங்கச்சி கெடக்குறேன். என் வாயே இப்புடி இருக்கு."

"அதெல்லாம் தனக்குத்தான் பலிக்காது. அடுத்தவுகளுக்குப் பலிக்கும்ண்ணே."

வரிசை முழுக்க என்னையே பார்த்தது. எழுந்து போகவும் வழியில்லை, ஒரு பக்கம் செல்வி, ஒரு பக்கம் காளிமுத்து. அவரும் துண்டை விலக்கி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிப்போர்ட் நல்லா வரும். போங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவருடைய ரிப்போர்ட் வந்தது. புற்றுதான், கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. அன்று முதல் ராக்கம்மா வரும் வழியைப் பார்த்து நான் வேறு வழியில் போனேன். கழிப்பறைக்குள் நின்று அவர் குரல் நகரும்வரை காத்திருந்திருக்கிறேன்.

பிறகு என் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசுவார். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் எல்லோர் உடம்பிலும் உண்டாம். அதில் ஒன்று கெட்டுப்போய்க் கட்டுக்கடங்காமல் பெருகினால் அது மெலனோமா. வெளித்தோலில் வருவதே நம் ஊரில் குறைவு, வாய்க்குள் வருவது ரொம்ப அபூர்வம், தம் சர்வீசில் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார். வேகமாகப் பரவும், எடுத்தாலும் திரும்பி வரப் பார்க்கும் என்பதையும் மறைக்கவில்லை.

"இது புகையிலையால வர்றது இல்லீங்க. நீங்க செஞ்ச தப்புன்னு ஒண்ணும் இல்ல."

"காட்டாம விட்டது?"

அவர் அடுத்த சோதனைக்குச் சீட்டு எழுதினார்.

அபூர்வம் என்பதால் மாணவ டாக்டர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "கொஞ்சம் உதட்டைத் தூக்கிக் காட்டுங்க சார்" என்றார் ஒருவர். என் கட்டை விரல் தானாகவே போய்த் தூக்கியது. அது பழகின விரல். அந்த நிமிஷம் எனக்கு எழுந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

உடம்பில் வேறெங்கும் போயிருக்கிறதா என்று பார்க்கக் கதிர்வீச்சு கலந்த சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றி ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏற்றிய பிறகு தனி அறையில் தனியாக உட்கார வேண்டும், பேசக் கூடாது. கதவில் சின்னக் கண்ணாடி. அம்மா அதில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும், துடைப்பாள், மறுபடி மங்கும். கழுத்தில் ஒரு நெறிக்கட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை என்று வந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம். மேல் உதட்டில் பாதி, ஈறு, நாலு பல், மேலண்ணத்து எலும்பில் ஒரு பகுதி, கழுத்து நெறிக்கட்டிகள், இவ்வளவையும் எடுப்பார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. மற்றதை உங்கள் மாமா பார்த்துக்கொண்டார். அதை நீங்கள் மறக்கக் கூடாது. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்துவிட்டுத் தலை நிமிராமலே கேட்டாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பொழைச்சுருவேன்னு ஒங்க வாயால சொல்லுங்க."

நான் சொல்லவில்லை.

"நீங்க நம்ப வேணாம். நான் நம்பிக்கிறேன். சும்மா சொல்லுங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கு ஒண்ணும் ஆகாது என்று அவளிடம் இரண்டு தடவை சொன்ன வாய் இது. ராக்கம்மாவிடமும் சொன்ன வாய். இன்னொன்று சொல்லி அதுவும் பொய்யானால், நான் போனபிறகு அவள் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று தோன்றியது. அவள் நகத்துணுக்குகளைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கண் விழித்தபோது தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாய், மூக்கில் சாப்பாட்டுக் குழாய், கழுத்தில் ரத்தம் வடியும் குழாய். தொண்டை வழியாக மூச்சுப் போனால் சத்தம் வராது. கத்த நினைத்தால் சளி மட்டும் வரும். ஒரு சிலேட்டு கொடுத்தார்கள். நான் முதலில் எழுதியது "பிள்ளைகள்". அம்மா படித்துவிட்டு, "பரீட்சைக்குப் படிக்குதுக. நீங்க பல் ஆபரேசனுக்குப் போயிருக்கீங்க, ஞாபகம் இருக்குல்ல?" என்று சிரித்தாள். நான் எழுப்ப நினைத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவேன். அவள் எழுந்திருப்பாள். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

முன்கைத் தோலையும் ரத்தக்குழாயையும் எடுத்துத்தான் உதடு செய்திருந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த உதட்டுக்குள் கைமுடி முளைத்தது. டாக்டரிடம் காட்டினேன். "கைத்தோலுக்கு, தான் இப்ப வாய்ங்கிறது இன்னும் தெரியல. கதிர் வைத்தியம் குடுத்தா கொட்டிரும்" என்றார். அந்த வார்டில் நான் சிரித்தது அன்றுதான். தையல் வலித்தது.

கதிர் வைத்தியம் முப்பது நாள், வாரத்துக்கு ஐந்து. அதற்கு ஒரு முகமூடி உண்டு. பிளாஸ்டிக் வலையைச் சுடுதண்ணீரில் இளக்கி முகத்தின் மேல் விரித்து அழுத்துவார்கள். அது ஆறி, நம் முகமாகவே இறுகிவிடும். தினமும் படுக்கவைத்து அதை முகத்தில் மாட்டி மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தலை ஒரு நூல்கூட அசையாது. கண்ணிமை வலையில் உரசும். எச்சில் விழுங்கவும் இடமிருக்காது. எல்லாரும் வெளியே போய்ப் பெரிய கதவைச் சாத்திவிடுவார்கள். மெஷின் மட்டும் என்னைச் சுற்றும். மெஷின் ஆபரேட்டர் தம்பி முதல் நாளே சொன்னான்: "ஏதாச்சும்னா கையத் தூக்குங்கண்ணே. கேமராவுல பாத்துக்கிட்டேதான் இருப்பேன். உடனே நிறுத்திருவேன்."

ஒன்பதாவது நாள் கையைத் தூக்கினேன். மெஷின் நின்றது. ஓடி வந்து பூட்டைக் கழற்றினான்.

"என்னண்ணே? மூச்சு முட்டுதா?"

சிலேட்டைத் தரச் சொல்லிச் சைகை காட்டி எழுதினேன்: "நிறுத்துகிறாயா என்று பார்த்தேன்."

படித்துவிட்டு என்னையே பார்த்தான். "சரிண்ணே. நிறுத்துவேன். எத்தனை தடவை தூக்குனாலும் நிறுத்துவேன். இப்ப மாட்டவா?" என்றான். மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் தூக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள், தப்பிக்க வழியில்லாத ஒரு நடைபாதையில், ராக்கம்மா எதிரே வந்துவிட்டார். காளிமுத்துவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் சிலேட்டில் "மன்னிச்சுக்க தங்கச்சி" என்று எழுதிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. செல்வி படித்துச் சொன்னாள்.

"எதுக்குண்ணே மன்னிப்பு?" என்றார். "நீங்க சொன்ன அன்னைக்கும் மறுநாளும் இந்த மனுசன் நல்லாத் தூங்குனாரு. ரெண்டு மாசமாத் தூக்கமில்லாம கெடந்தவரு, அந்த ரெண்டு நாளுதான் தூங்குனாரு. நானும் தூங்குனேன்."

காளிமுத்து பேச முடியாமல் கையை மட்டும் எனக்கு நீட்டினார். பிடித்துக்கொண்டேன். போன மாதம் அவர் தவறிவிட்டதாகப் போன் வந்தது.

ராக்கம்மாவைப் பார்த்த அன்று அறைக்கு வந்ததும், அம்மா கேட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சிலேட்டில் எழுதியிருக்கலாம். ஆனால் அவள் என் வாயால்தான் கேட்டாள். தொண்டை ஓட்டை மூடியிருந்தது, சத்தம் வந்தது. அண்ணத்து ஓட்டையை அடைக்கப் பல்லோடு சேர்த்து ஒரு தட்டு செய்து கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் ஓரளவு பேச்சு வரும். ஆனால் இரண்டு உதடும் சேர்ந்து ஒட்டினால்தான் வரும் எழுத்துகள் எதுவும் வரவில்லை. புது உதட்டுக்கு ஒட்டத் தெரியாது, காற்று போய்விடும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா உதடுகளுக்கு நடுவே காகிதத்தைக் கொடுத்துக் கவ்வச் சொல்வார். "மாமா" முதலில் வந்தது. உங்கள் மாமாவுக்கு அவ்வளவு பெருமை. "பாப்பா" வரவில்லை. "பொழைச்சுருவேன்" எப்படி வரும்? வாய் இருந்தபோது சொல்ல மறுத்த வார்த்தை, சொல்ல நினைத்தபோது வாயில் நிற்கவில்லை. அம்மாவும் அதற்கப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு எடுத்த முதல் ஸ்கேனில், இப்போதைக்கு இல்லை என்று வந்தது. "இப்போதைக்கு" என்பதை டாக்டர் அழுத்தித்தான் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். திரும்பி வந்தால் போட ஊசி மருந்து ஒன்று இருக்கிறதாம். எல்லாருக்கும் கேட்காது, விலையும் நமக்கு எட்டாது. அதனால் ஆஸ்பத்திரியை விட்டு வந்தும் அந்த முகமூடிப் பூட்டு இன்னும் கழலவில்லை என்றுதான் எனக்கு இருக்கிறது.

சரவணா, உன் நாக்குப் புள்ளிகளை நான் டாக்டரிடம் காட்டியது உனக்கு நினைவிருக்கும். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போனேனே, அது அதற்குத்தான். பிறவியிலிருந்து இருப்பது, நிறையப் பேருக்கு உண்டு, பயமில்லை என்று சொன்னார். ஆனால் இருவரும் கேளுங்கள். வாயில் கருப்போ வெள்ளையோ சிவப்போ, புதிதாக வந்தாலும் இருந்தது வளர்ந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், காட்டிவிடுங்கள். யாராவது அழுதுகொண்டு காட்டச் சொன்னால் அன்றைக்கே போங்கள்.

போன வாரம் முதல் தடவையாக வேலைக்குப் போனேன். குடுமியான்மலை மலையடியில் ஒரு தோட்டம், பழுதான மோட்டாரை மேலே ஏற்றிச் சரிபார்த்து இறக்கும் வேலை. தோட்டக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் கருப்பையும் சேத்து எடுத்துட்டாங்களாமேண்ணே? இனி போர் போட யாரைக் கூப்புடுறது?" என்றார். தண்ணி இருந்தா வரும்ங்க என்றேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். மோட்டாரை இறக்கி முடித்ததும் அவரும் என்னோடு வந்த இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள். எனக்கு இப்போது டீ உதட்டோரம் ஒழுகும், நாலு பேர் முன்னால் குடிப்பதில்லை. நீங்க போங்க என்றேன்.

அவர்கள் வண்டி ரோட்டுக்கு ஏறும்வரை பார்த்தேன். பிறகு ஸ்டார்ட்டரைப் போட்டேன். குழாய் இரண்டு தடவை காற்றைக் கக்கிவிட்டு, தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது. நல்ல சத்தம். பக்கத்தில் போய் நின்று கீழ் உதட்டை விரலால் தூக்கி மேல் உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். "பொழைச்சுருவேன் செல்வி" என்றேன். காற்றாகத்தான் போனது. மறுபடி சொன்னேன். தண்ணீர் முக்கால் தொட்டி வந்தபோது முதல் எழுத்து ஒட்டியது. விரலை எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒட்டியது.

தொட்டி நிறைந்து வழிய ஆரம்பித்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வண்டியை எடுத்தேன்.